பதினெட்டுப் பை மண்

தோட்டம் என்று எங்கள் வாயில் வந்தால்
அது பூவுமில்லை, காயுமில்லை.
பெரட்டு, நிறுவைத் தராசு, கொழுந்துக் கணக்கு,
இரண்டு கிலோ குறைந்தால் அரைப்பேர்.
அதனால் காம்பராவுக்குப் பின்னால் நான் செய்ததற்கு
நெடுநாள் ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

மா விலை ஏறிய வருஷம்.
கச்சி நானா கடைக் கொப்பியில்
என் பெயருக்கு இரண்டாம் பக்கம் திறந்திருந்தது.
'போஞ்சி கால் கிலோ' என்று அவர் எழுதும்போது
எனக்கே சிரிப்பு வந்தது.
கந்தப்பளையிலிருந்து கொழும்புக்கு
இரவெல்லாம் லொறி லொறியாய் இறங்குகிறது போஞ்சி.
நான் அதைக் கடனுக்கு வாங்குகிறேன்.

லயத்துக்கும் கானுக்கும் நடுவே எட்டடி.
தகரம், பீங்கான் துண்டு, ஒற்றைச் செருப்பு,
யாரோ எப்போதோ எறிந்த பற்றரி.
கிண்டக் கிண்ட மண் வரவில்லை,
இங்கே வாழ்ந்தவர்கள் வந்தார்கள்.
"இதுல புல்லே மொளைக்காது" என்றார் யோகசீலன்.
சொல்லிவிட்டு மண்வெட்டிக்குப் பிடி போட்டுத் தந்தார்.

முதல் மழைக்கே கான் பெருகி
விரல் பருமன் லீக்ஸ் அத்தனையும் கீழ் லயத்துக்குப் போயிற்று.
கீழ் லயத்து ருக்மலர் பொறுக்கி எடுத்து
பருப்போடு வதக்கி
ஒரு கிண்ணம் எனக்கே அனுப்பினாள்.
நன்றாகத்தான் இருந்தது.

பிறகு மண்ணைச் செய்தேன்.
வேறு வழியில்லை, செய்யத்தான் வேண்டியிருந்தது.
அடுப்புச் சாம்பல், தேயிலைச் சக்கை, கோழி எச்சம்,
கொலனியில் சோமலதாவின் மாட்டுச் சாணி.
இரண்டு சவ்சவ்வுக்கு ஒரு வாளி என்று பேச்சு,
அவள் தமிழில் எண்ணுவாள், நான் சிங்களத்தில்.
ஏழு மாதம் கிளறிய பின் ஒரு காலை
மண்வெட்டி முனையில் நெளிந்தது முதல் மண்புழு.
யாரையும் கூப்பிடவில்லை,
மெதுவாய் மூடி வைத்தேன்.

சின்னதுரை டேப்போடு வந்தது அதற்கடுத்த புதன்.
"லயத்தச் சுத்தி எல்லாம் கம்பனிக் காணி.
சனிக்கிழமைக்குள்ள தரை வெறுசா இருக்கணும்."

வெறுசாக்கினோம்.
அரிசிப் பை, பசளைப் பை,
கொழுந்தெடுக்கக் கட்டி நைந்த பழைய படங்கைத் தைத்து ஒன்று.
டோர்ச் வெளிச்சத்தில் மூன்று இரவு
செடியும் வேருமாய், புழுவும் ஈரமுமாய்
அள்ளி அள்ளிப் பதினெட்டுப் பை.

சனிக்கிழமை அவர் தரையைப் பார்த்தார்.
சுவரைப் பார்த்தார்.
"இது என்ன?"
"பை, சார்."
"உள்ள?"
"மண்ணு."
"மண்ணு யாருது?"
"நான் செஞ்சது. கொட்டிப் பாருங்க சார்,
கம்பனி மண்ணுல புழு இருக்காது."

சவ்சவ் கொடி கூரையேறிக் கிடந்தது.
கூரை கம்பனியுடையது.
அவர் கேட்கவில்லை,
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

உதவிக் கூட்டத்தில் ஓர் ஐயா
'தன்னிறைவு' என்று நாலு தடவை சொன்னார்.
எனக்குக் கொப்பிதான் கணக்கு.
உப்பு இன்னும் அதில் இருக்கிறது,
மா, பருப்பு, மண்ணெண்ணெய், மகனின் பனடோல்.
போஞ்சி மட்டும் நாலு மாதமாய் இல்லை.
முட்டையும், ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்,
ஏனென்றால் சிவப்புக் கோழி நினைத்தால்தான் இடும்.

பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் கட்டுரை, 'எங்கள் தோட்டம்'.
எல்லாரும் தேயிலை எழுத
இவள் எழுதியிருக்கிறாள்:
'எங்கள் தோட்டத்தில் பதினெட்டுப் பைகள் உள்ளன.
அதற்குத் துரை கிடையாது.
அம்மா வேலை முடிந்து வந்து வேலை செய்வார்.'
கடைசி வரியில் டீச்சர் சிவப்பு மையால்
ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

இன்றைக்கு மேமலையில் மின்னுகிறது.
ஏழாம் பையில் நத்தை ஏறியிருக்கிறது,
நோக்கோல் இலை சல்லடை.
கூரை நீர் விழாத பக்கமாய் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும்.
யோகசீலன் ஒன்றைத் தூக்கி
"என்னா கனம்" என்கிறார்.
நான் மறுமுனையைப் பிடிக்கிறேன்.